விளக்கு அலமாரியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

எங்கள் ஊர் நூலகத்தை நிர்வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும், நீக்கல் பட்டியலைத் தயாரித்த குழுவினருக்கும்,

நூலகத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் 11 சாக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன். ஒரு சாக்கின் தையல் விட்ட இடத்தில் நீல அட்டை ஒன்று தெரிந்தது. அது நான் என் கையால் போட்ட அட்டை. உள்ளே இருப்பது, மெழுகுவர்த்தியைப் பற்றி ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு ஆற்றிய உரைகளின் புத்தகம்.

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளை இரண்டு முறை படித்தேன். மூன்று ஆண்டுகளாக யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லாத புத்தகங்கள் பயன்பாடு இல்லாதவை, அவை இந்த மாத இறுதியில் எடைக்குப் போடப்படும், அந்த இடத்தில் போட்டித் தேர்வு நூல்கள் வைக்கப்படும் என்று அதில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ‘விளக்கு அலமாரி’ என்று சொல்லும் அலமாரி முழுவதும் அந்த மூட்டைகளுக்குள் போய்விட்டது. விளக்கையும் ஒளியையும் பற்றிய 43 புத்தகங்கள். இதை என்னால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் 1989 முதல் 2020 வரை ஒயர்மேனாக வேலை பார்த்தவன். இந்த ஊரின் தெருவிளக்குகள்தான் என் வேலை. ஐடிஐ வரைதான் படிப்பு. சாதா பல்பு, டியூப் லைட், சோடியம் விளக்கு, எல்.இ.டி. என்று நான்கு தலைமுறை விளக்குகளை ஏணி போட்டு ஏறி மாட்டியிருக்கிறேன், கழற்றியிருக்கிறேன். போட்டித் தேர்வு நூல்களுக்கு நான் எதிரி இல்லை. என் மகள் இதே நூலகத்தில் அவற்றைப் படித்துத்தான் வேலைக்குப் போனாள். அதை எந்தச் சபையிலும் நன்றியோடு சொல்வேன். ஆனால் அவளை முதன்முதலில் இந்த நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அந்தப் புத்தகங்கள் அல்ல. அவளுடைய பாவாடையின் நிறம்.

1996-இல் எங்கள் தெருவில் சோடியம் விளக்கு போட்டோம். அன்று இரவு ஆறாம் வகுப்பு படித்த என் மகள் பள்ளிச் சீருடையோடு வாசலுக்கு வந்து நின்றாள். “அப்பா, என் நீலப் பாவாடை ஏன் கருப்பா தெரியுது?” என்று கேட்டாள். விளக்கை மாட்டியவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. மேலதிகாரியைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அப்புறம் அவளையே கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தேன். அப்போது இருந்த நூலகர் ஐயா ஒளியைப் பற்றிய தமிழ் நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சோடியம் விளக்கின் ஒளியில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் மிகுதி, நீலம் மிகக் குறைவு. நீலத் துணி திருப்பி அனுப்புவதற்கு நீல ஒளியே அங்கே வராதபோது அது கருப்பாகத்தான் தெரியும். முப்பட்டகத்தால் வெயிலைப் பிரித்துப் பார்த்து நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலைப் பற்றியும் அதில் ஓர் அத்தியாயம் இருந்தது. நிறம் துணியில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் இருக்கிறது என்பதை என் வேலையில் சேர்ந்து ஏழு வருடம் கழித்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அந்தத் தமிழ் நூலும் இப்போது மூட்டைக்குள் இருக்கிறது.

அலமாரி என்று ஒன்று உருவானது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் எங்கள் பகுதியைக் கடந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஊரில் நிமிர்ந்து நின்ற மின்கம்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தோழர்களோடு சேர்ந்து நாங்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தோம். மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. புயல் அடித்து ஒரு வாரத்தில் கார்த்திகை தீபம் வந்தது. கூரை போன வீட்டிலும் மண் அகலை எடுத்து வைத்து விளக்கேற்றினார்கள். ஊரில் வேறு வெளிச்சமே இல்லாததால் ஒவ்வொரு அகலும் எவ்வளவு தூரம் வரை எட்டுகிறது என்பதை என் வாழ்நாளில் முதல்முறையாக அன்று பார்த்தேன்.

பள்ளிகள் மூடியிருந்தன. பிள்ளைகள் நூலகத் திண்ணைக்கு வந்தார்கள். அப்போதைய நூலகர் அம்மா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, ஃபாரடேயின் புத்தகத்தைத் திறந்து, வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார். வேலை முடிந்து வந்த நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் தொடங்கிய ஆறு உரைகள் அவை. அவற்றை ஆற்றிய ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். 14 வயதில் புத்தகம் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றவர். யாரோ வாங்கி, யாரோ தைக்கக் கொடுத்த புத்தகம், யாருக்கென்று எழுதப்படவில்லையோ அந்தப் பையன் கைக்குப் போனது. கடையின் பேரேட்டில் அது அவன் படித்ததாகப் பதிவாகியிருக்காது.

அந்தப் புத்தகத்தை நானும் பிறகு அகராதி வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் படித்தேன். அதில் உள்ளதைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் வெள்ளையாக ஒரு புகை எழும். அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலேயே தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்று பிள்ளைகளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இன்னொன்று, வெயிலில் மெழுகுவர்த்தியை ஏற்றி வெள்ளைச் சுவரில் அதன் சுடரின் நிழலைப் பார்ப்பது. சுடரில் எந்தப் பகுதி மிக அதிகமாக ஒளிர்கிறதோ அந்தப் பகுதியின் நிழல்தான் மிகவும் கருப்பாக விழும். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும், “எங்க ஆயா விளக்குமேல தட்டைக் கவுத்து கண்மை எடுப்பாங்க, அந்தக் கரிதான் நிழலா விழுது” என்றாள். ஃபாரடே சொல்லும் விடை அதுவேதான். சுடருக்குள் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்கின்றன. அவைதான் வெளிச்சம் தருகின்றன, வெயிலை மறைத்து நிழல் தருவதும் அவைதான். கண்மை எடுக்கும் தட்டு அந்தப் பிள்ளைக்கு அன்றிலிருந்து வேறு பொருளாகிவிட்டது. மறுநாள் பாட்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். பாட்டி எங்களுக்கு விளக்கெண்ணெயில் மை கூட்டிக் காட்டினார்.

கடைசி உரையில் மெழுகுவர்த்தி எரிவதையும் நாம் மூச்சு விடுவதையும் ஃபாரடே ஒன்றாக வைத்துக் காட்டுகிறார். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அதில் குழாய் வழியாக ஊதினோம். பால் போல வெளுத்தது. எரியும் மெழுகுவர்த்தியின் மேல் கவிழ்த்து எடுத்த பாட்டிலில் அதே தெளிநீரை ஊற்றிக் குலுக்கினோம், அதுவும் வெளுத்தது. அன்று பிள்ளைகள் வெகுநேரம் பேசவில்லை.

லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான அகிரா யோஷினோ, தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் சொல்லி இந்தப் புத்தகத்தைப் படித்ததுதான் தன்னை வேதியியல் பக்கம் திருப்பியது என்று சொல்லியிருக்கிறார். புயல் நாட்களில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசையில் நின்றோமே, அந்தப் போனுக்குள் இருந்தது அந்த மின்கலம்தான்.

அதற்குப் பிறகுதான் நூலகர் அம்மா விளக்கையும் ஒளியையும் பற்றிய புத்தகங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார். நூலக வகைப்பாட்டில் 535 என்ற எண்ணில் ஒளி இயற்பியல், 621.32-இல் விளக்குத் தொழில்நுட்பம், தமிழ் இலக்கியம் ஒரு மூலை, சமயம் ஒரு மூலை, சிறுவர் கதைகள் மாடியில் என்று சிதறிக் கிடந்தவை எல்லாம் ஓர் அலமாரிக்கு வந்தன. ஒரு பேராசிரியரின் குடும்பத்தார் அவர் காலமான பிறகு கொடுத்த தத்துவ நூல்களும் சேர்ந்தன. சனிக்கிழமை மாலைகளில் அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தோம். அங்கேயே படித்தோம் என்பதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு புத்தகத்தைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அதை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது? மாலை முடிந்ததும் அலமாரியில் திருப்பி வைத்துவிடுவோம். உங்கள் பதிவேட்டில் அது வராது. ஆனால் என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. எந்த வாரம் எந்தப் புத்தகம், யார் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். எப்போது கேட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

அந்த நோட்டிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு மழை நாளில் நெடுநல்வாடை படித்தோம். உ.வே.சாமிநாதையர் 1889-இல் அச்சில் கொண்டுவந்த பத்துப்பாட்டில் ஒன்று. வாடைக்காலம், நாளெல்லாம் மூட்டம். எப்போது பொழுது சாய்ந்தது என்று தெரியவில்லை. பெண்கள் பூத்தட்டில் வைத்த பிச்சி மொட்டு அவிழ்ந்து மணக்கிறதா என்று பார்த்து, அந்த மணத்தால் மாலை வந்துவிட்டதென்று அறிந்து, இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்துகிறார்கள். அதே பாட்டில் அரண்மனைக்குள் யவனர் செய்த பாவை விளக்கு நிற்கிறது, அதன் கையில் ஏந்திய அகலில் நெய் வார்த்துப் பருத்த திரியை ஏற்றுகிறார்கள். 31 வருடம் பொழுது சாயும் நேரத்தில் சுவிட்ச் போட்டவன் நான். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பூவின் வாசம் பிடித்துச் செய்தவர்கள் இருந்தார்கள் என்று படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வார்த்தை இல்லை. அந்த ஓலைச்சுவடிகளும் பரண்களில் படிப்பார் இல்லாமல் கிடந்தவைதான். மூன்று ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை என்று அவற்றை எல்லாரும் ஆற்றில் விட்டிருந்தால் இந்தப் பாட்டு நமக்கு இல்லை.

11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இப்னு அல் ஹைதம் எழுதிய ஒளியியல் நூலைப் பற்றிய புத்தகம் ஒன்று அலமாரியில் இருந்தது. கண்ணிலிருந்து ஏதோ கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பெரியவர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று சோதனைகளோடு நிறுவியவர் அவர். பல விளக்குகளை ஏற்றி வைத்து, சிறு துளை வழியாக இருட்டறைக்குள் அவற்றின் வெளிச்சம் தனித்தனிப் புள்ளிகளாக விழுவதைப் பார்த்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறையும். நாங்கள் மூன்று அகல்களை வைத்து நூலகத்தின் சைக்கிள் அறைக் கதவில் செய்து பார்த்தோம். கதவில் ஆணித்துளை ஒன்று ஏற்கெனவே இருந்தது. இடது பக்க அகலை மறைத்தால் வலது பக்கப் புள்ளி போயிற்று. துளைக்குள் மூன்று ஒளிகளும் ஒன்றையொன்று கடந்து போகின்றன, ஆனால் கலந்துவிடவில்லை. இதைக் கண்டதும் ஒரு பையன் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டே இருந்தான், அவனைப் பிடித்து உட்கார வைக்க முடியவில்லை.

தத்துவம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். மிலிந்தர் என்ற கிரேக்க அரசருக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடல் நூலில் ஒரு கேள்வி வரும். இரவு முழுவதும் எரியும் விளக்கில், முதல் சாமத்தில் இருந்த சுடரும் கடைசிச் சாமத்தில் இருக்கும் சுடரும் ஒன்றா, வேறா? இதை நான் படித்துச் சொன்னதும் ஒரு சிறுவன், “எண்ணெய் வேற தாத்தா, சுடரும் வேற. ஆனா அணையல இல்ல, அதனால ஒண்ணுதான்” என்றான். உடனே அவன் அக்கா, “அப்ப நேத்து நீயும் இன்னைக்கு நீயும் ஒண்ணா?” என்று கேட்டாள். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராமல் ஒன்பது வயதுப் பிள்ளை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. தத்துவம் எதற்கு என்ற கேள்விக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

ஆழ்வார் பாசுரங்களும் இருந்தன. திருக்கோவலூரில் மழை இரவில் ஒரு இடைகழியின் இருட்டில் நெருங்கி நின்ற மூவரில், பொய்கையாழ்வார் உலகத்தையே அகலாகவும் கடலையே நெய்யாகவும் கதிரவனையே சுடராகவும் வைத்து விளக்கேற்றுகிறார். பூதத்தாழ்வார் அன்பை அகலாக்கி, ஆர்வத்தை நெய்யாக்கி, உருகும் மனத்தைத் திரியாக்குகிறார். ஒருவர் விளக்கு வானம் வரைக்கும் போகிறது, அடுத்தவர் விளக்கு நெஞ்சுக்குள் வருகிறது. பெரியபுராணத்தில் விளக்குக்காகவே வாழ்ந்த நமிநந்தி அடிகளும் கணம்புல்லரும் கலியரும் வருகிறார்கள். நமிநந்தியார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லும் திருவாரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். வடலூர் வள்ளலாருக்கும் கருங்குழியில் அப்படி ஒரு கதை உண்டு. பள்ளிவாசல் தெருப் பையனும் தேவாலயத் தெருப் பெண்ணும் இவற்றைக் கேட்டார்கள். அவர்களுடைய வேதங்களில் ஒளியைப் பற்றி வருவதை அவர்கள் வீட்டில் கேட்டு வந்து சொன்னார்கள். புயலில் எல்லார் வீட்டிலும்தான் கரண்ட் போயிருந்தது.

பேராசிரியர் வீட்டிலிருந்து வந்தவற்றில் பஷலார் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் சிறிய புத்தகம் ஒன்று. மெழுகுவர்த்தியின் சுடரைப் பற்றியது, 1961-இல் வந்தது, அவர் உயிரோடு இருந்தபோது வெளியான கடைசிப் புத்தகம். எண்ணெய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினோம், திரி தூண்டினோம், கண்ணாடி துடைத்தோம். மின்விளக்கில் நமக்கு ஒரு வேலையும் இல்லை, ஒரு பொத்தானை அழுத்துவதோடு சரி, வெளிச்சமே நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டது என்று வருந்துகிறார். அந்தப் பக்கத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. பொத்தானை அழுத்தும் விரல் அவருக்குத் தெரிந்தது. கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறிச் சோக்கு மாற்றுகிறவனை அவர் பார்க்கவில்லை. மின்விளக்குக்கும் திரி தூண்டுகிறவன் ஒருவன் இருக்கிறான். இதை மார்ஜினில் எழுத ஆசைப்பட்டு, நூலகப் புத்தகம் என்பதால் என் நோட்டில் எழுதி வைத்தேன். பாரிஸில் இருந்த அந்தப் பெரிய மனிதரோடு இந்த ஊர் ஒயர்மேன் வாதாட முடிந்தது உங்கள் அலமாரியால்தான். ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி 1933-இல் நிழலைப் புகழ்ந்து எழுதிய கட்டுரை நூலும் பக்கத்தில் இருந்தது. அரக்குப் பூசிய கிண்ணத்தின் அழகு மங்கிய வெளிச்சத்தில்தான் தெரியும் என்பார். கோயில் கருவறையைப் பார்த்த நமக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கதைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதுமைப்பித்தனின் ‘தெருவிளக்கு’. ஒரு தெரு முனையில் தனியாக நிற்கும் பழைய நகரசபை விளக்கு, அதைத் துணையாக நினைக்கும் ஒரு கிழவன். அந்த விளக்கை எடுத்துவிட உத்தரவு வருகிறது. சில பக்கங்கள்தான் கதை. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது, ஏனென்றால் அந்த உத்தரவோடு போகிறவன் நான். எல்.இ.டி. வந்தபோது எங்கள் சந்தைத் தெருவில் ஒரு பழைய இரும்புக் கம்பத்தைப் பிடுங்கச் சொன்னார்கள். அதன் அடியில் ஒரு அம்மா வருடக்கணக்காக வேர்க்கடலை விற்றார். “இந்த லைட்ட எடுத்துட்டா நான் எங்கப்பா உக்காருவேன்?” என்று கேட்டார். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கழற்றினேன். ஆனால் பத்தடி தள்ளிப் புதுக் கம்பத்தில் விளக்கை எரியவிட்ட பிறகுதான் பழையதில் கை வைத்தேன். அந்தம்மாவின் கூடையை நானே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தேன். 31 வருடத்தில் ஒரு விளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை இருட்டாக விட்டு நான் வீட்டுக்குப் போனதில்லை.

அதிகாரிகளே, பழையதை நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடம் போதாது என்பது எனக்குத் தெரியும். செல்லரித்தது, பக்கம் இல்லாதது, தகவல் காலாவதியானது எல்லாம் போகத்தான் வேண்டும். இந்த மண்ணில் அதற்கு ஒரு முறை ஏற்கெனவே இருந்தது. அலமாரியில் இருந்த கல்வெட்டுத் தொகுதியில் அதைப் படிக்கலாம். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடுகள் கொடுத்தார்கள். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா, கிழடாகாதா? சாகும். ஆனால் செத்ததற்கும் கிழடானதற்கும் பதிலாகக் குட்டி வந்து சேரும், 96 என்ற கணக்கு குறையக் கூடாது. நீங்கள் விளக்கைப் பற்றிய 43 புத்தகங்களை எடுத்திருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதிலாக விளக்கைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை.

மூன்று ஆண்டுக் கணக்கைப் பற்றியும் பேச வேண்டும். வாசிப்புக் கூடத்தில் எட்டு குழல்விளக்குகள் இருக்கின்றன. அதில் ஐந்து எரிவதில்லை. பலகையில் இரவு 8 மணி வரை என்று எழுதியிருந்தாலும், வெளிச்சம் இல்லாததால் மாலை 5.30-க்குக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஐந்தரை மணிக்கு வயலிலிருந்தும் கடையிலிருந்தும் பேருந்திலிருந்தும் யார் வந்து சேர முடியும்? புத்தகம் எடுத்துப் போகக்கூடிய ஆட்கள் வரும் நேரத்தில் பதிவேடு மூடியிருக்கிறது. அப்புறம் யாரும் எடுக்கவில்லை என்று அந்தப் பதிவேட்டையே சாட்சிக்குக் கூப்பிடுவது நியாயமில்லை. குழல்விளக்குகளை நானே சரிசெய்து தருகிறேன், கூலி வேண்டாம் என்று இரண்டு முறை மனு கொடுத்தேன். பதில் வரவில்லை. சனிக்கிழமை மாலைகளும் அதோடு நின்றுபோயின. நாங்கள் வருவதை நிறுத்தவில்லை, எங்களுக்குக் கதவு திறந்திருக்கவில்லை.

பிப்ரவரி 28 அன்று அதே கூடத்தில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடினீர்கள். சி.வி.ராமன் ஒளிச்சிதறலில் தன் கண்டுபிடிப்பை 1928-இல் அந்த நாளில் நிகழ்த்தினார் என்று அங்கே பேசினார்கள், பிள்ளைகள் கைதட்டினார்கள். திருச்சியில் பிறந்த அந்த மனிதர் தன்னை உருவாக்கிய மூன்று புத்தகங்களைச் சொல்லியிருக்கிறார். யூக்ளிடின் வடிவியல், ஒலியைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது, மூன்றாவது எட்வின் ஆர்னால்டு புத்தரைப் பற்றிப் பாடிய காவியம். ஒளியை ஆராய்ந்தவரை உருவாக்கியதில் ஒன்று கவிதை. அதைத் தழுவித்தான் கவிமணி தமிழில் ‘ஆசிய ஜோதி’ எழுதினார். கவிமணியின் அந்தச் சிறிய நூல் நம் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது. உங்கள் பட்டியலில் அது எத்தனையாவது எண் என்று எனக்குத் தெரியும். 27.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். முதலில், தாழ்வாரத்தில் இருக்கும் 11 மூட்டைகளையும் இன்றே உள்ளே எடுத்து வையுங்கள், மழை சாய்வாக அடித்தால் அந்தத் தாழ்வாரம் தாங்காது. மாத இறுதி விற்பனையை நிறுத்தி, நிறுத்தியதை அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். விளக்கு அலமாரியின் 43 புத்தகங்களையும் பழையபடி ஒரே இடத்தில் வையுங்கள். அவற்றில் உண்மையிலேயே கெட்டுப்போனது இருந்தால் நீக்குங்கள், ஆனால் அதே பொருளில் இன்னொன்று வாங்கி வைத்துவிட்டு நீக்குங்கள். நூலக வரியை வீட்டு வரியோடு சேர்த்துக் கட்டுகிறோம், கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

இனி எந்தப் பட்டியல் தயாரித்தாலும் அதை ஒரு மாதம் வாசகர் பார்வைக்கு வையுங்கள். உள்ளேயே உட்கார்ந்து படிக்கப்படும் புத்தகங்களைக் கணக்கெடுக்க மேசையில் ஒரு நோட்டு போதும், படித்தவர் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் எழுதிவிட்டுப் போவார். போட்டித் தேர்வு நூல்களுக்கு மேற்குச் சுவர் ஓரமாக இரண்டு இரும்பு அடுக்குகள் காலியாகக் கிடக்கின்றன, அவற்றைத் துடைத்தால் போதும். ஐந்து குழல்விளக்குகளையும் மாற்ற எனக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். பொருட்செலவும் என்னுடையது, ஒரு பகலில் முடித்துவிடுவேன். அன்று மாலையிலிருந்து பலகையில் எழுதியிருக்கிற 8 மணி வரை கதவு திறந்திருக்க வேண்டும், சனிக்கிழமை மாலை எங்களுக்கு அந்தத் தரை வேண்டும்.

மூட்டைகளைப் பிரித்து அடுக்க ஆள் இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எந்தப் புத்தகம் எந்தத் தட்டு என்று பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தெருவிளக்குப் பணியாளர்,
இந்த நூலகத்தின் உறுப்பினர் 1996 முதல்